ஒரு கொம்பிரசர், இரண்டு பருவம்: பாசிக்குடாவில் சுவாசக்காற்று இயந்திரம் தெரிவு செய்த கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

பாசிக்குடாவில் சுழியோட்டக் கடை நடத்தும் ஒருவரும், வாழைச்சேனைப் பக்கத்து மீனவ இளைஞர்களின் மீட்புக் குழு ஒன்றும் காசு சேர்த்து, சிலிண்டர்களில் சுவாசக்காற்றை அமுக்கி நிரப்பும் கொம்பிரசர் ஒன்றை வாங்கினார்கள். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. ஐஸ் தொழிற்சாலை, குளிரறை என்று வாயுவை அமுக்கும் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் கேட்டார்கள். இதே கேள்வியோடு கல்முனையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் ஆட்கள் தொலைபேசி எடுப்பதால், நடந்ததைக் கணக்கோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் தேவை. கிழக்குக் கடல் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் சுழியோட ஆட்கள் வருவார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றரைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் அதில் பாதி ஆழத்தில்தான். கடையின் வருமானம் பெரும்பாலும் பவளப்பாறையிலும் இந்த இரண்டாவது கப்பலிலும். ஐப்பசி கடந்து மாரி இறங்கினால் கடை பூட்டு.

மீட்புக் குழுவுக்கு வேலை தொடங்குவதே அப்போதுதான். வாவியில் தோணி கவிழ்வது, குளத்துக் கலிங்கில் ஆள் இழுபடுவது, கிணற்றுக்குள் இறங்கியவர் மயங்குவது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் குழுவும் தங்களுக்கென்று காற்று வேண்டும் என்று உறுதியாக நின்றது. அதுவரை சிலிண்டர்களைத் திருகோணமலைப் பக்கம் ஏற்றி அனுப்பித்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தில் வீதி மறிபட்டால் அந்த வழியும் இல்லை. இவர்களோடு, பக்கத்து உள்ளூராட்சிச் சபை ஒன்றின் தீயணைப்புப் பிரிவும் தங்கள் சுவாச உபகரண சிலிண்டர்களை இங்கே நிரப்பமுடியுமா என்று கேட்டிருந்தது. அவை 300 பார் சிலிண்டர்கள் (பார் என்பது அமுக்கத்தின் அலகு; ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்). கடையில் இருந்தவை 200, 207, 232 பார்.

ஆக, ஒரே இயந்திரம் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நாள் முழுக்க ஓடவேண்டும். மாரியில் மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, கரண்ட் இல்லாத ஓர் இரவில் உடனே ஓடவேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. விலைமனு கொடுத்த ஒருவரும் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

லீற்றர் கணக்கு

எல்லாரும் முதலில் கேட்பது நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்றுதான். அது எளிய கணக்கு. 12 லீற்றர் சிலிண்டர் ஒன்று 50 பாரோடு திரும்பி வருகிறது. அதை 200 பாருக்கு ஏற்ற 12 × 150 = 1,800 லீற்றர் காற்று வேண்டும். நெருக்கமான நாளில் 16 சிலிண்டர் என்றால் 28,800 லீற்றர். நிமிடத்துக்கு 100 லீற்றர் தரும் கையில் தூக்கும் இயந்திரத்தில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். 200 லீற்றர் இயந்திரத்தில் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் 300க்கு மேல் வேண்டும் என்று நின்றார். பின்னேரம் ஆட்கள் திரும்பினால் இரவுக்குள் நிரப்பி முடித்துவிடலாம் என்பது அவர் நியாயம்.

இதற்குள் ஒரு சூது இருக்கிறது. சிலர் சொல்லும் லீற்றர், முதல் பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு. சிலிண்டருக்குள் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 10 லீற்றர் சிலிண்டரை வெறுமையிலிருந்து 200 பார் வரை நிரப்பி நேரம் பார்த்துச் சொல்வார்கள். அதுதான் நம்பக்கூடிய எண். விலைமனுக்களில் ஒன்று பழைய டீசல் இயந்திரம், 300 லீற்றர் என்று எழுதியிருந்தது. விற்பவரின் வளவுக்குப் போய் வெறுஞ் சிலிண்டர் ஒன்றை மாட்டி, கைபேசியில் நேரம் ஓடவிட்டேன். 12 லீற்றர் சிலிண்டர் 200 பாருக்கு வர எட்டு நிமிடம் எடுக்கவேண்டும். பதினொன்றரை நிமிடம் எடுத்தது. அதாவது 300 என்றது 210கூட இல்லை. இறுதிக் கட்டத்துக் குழாயில் கையை வைக்கமுடியாத சூடு. வடிகால் வால்வைத் திறந்தபோது தேங்காய்ப்பால் போல வெள்ளையாக வந்தது. தண்ணீரும் ஒயிலும் கலந்தால் அப்படித்தான் வரும், அதில் பிழையில்லை. ஆனால் அது எரிந்த மணத்தோடு வந்தது. அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

இணையத்தில் எயார் ரைபிளுக்கென்று விற்கும் 300 பார் சின்ன இயந்திரத்தையும் குழுவில் ஒரு தம்பி காட்டினார். விலையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். அதன் பில்டர் விரல் தடிப்பு. துப்பாக்கிக்குக் காற்று போதும், நுரையீரலுக்குப் போதாது.

பெற்றோல் இயந்திரம் ஏன் வேண்டாம் என்றோம்

குழுவின் தலைவர் கேட்டது நியாயமான கேள்வி. "வெள்ளம் வந்தா கரண்ட் போயிரும். மறுகா உங்கட மோட்டரை வெச்சு என்ன செய்யிற?" 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களின் பிள்ளைகள், 2011 தை வெள்ளத்தைத் தாங்களே கண்டவர்கள். கரண்ட்டை நம்பாதது சரிதான். அதனால் பெற்றோல் எஞ்சின் பூட்டிய இயந்திரம் வேண்டும் என்றார்கள்.

அதில் எஞ்சினும் கொம்பிரசரும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருக்கும். புகை கக்கும் வாய்க்கும் காற்றை உறிஞ்சும் வாய்க்கும் இடையில் உள்ளது ஒரு குழாயின் நீளம் மட்டுமே. காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு நேரே சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. விலைமனு தந்த ஒருவர் சிலிண்டரைத் திறந்து மூக்கில் காட்டி "மணமே இல்ல, நல்ல காத்து" என்றார். மணம் இல்லாததால்தான் அது ஆளைக் கொல்கிறது.

ஆழம் இதை இன்னும் கெடுக்கும். ஐரோப்பிய சுவாசக்காற்றுத் தரம் ஈ.என். 12021 காபனோரொட்சைட்டை 5 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 5 பங்கு, என்று கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் சுழியோட்டத்துக்குச் சொல்லும் கிரேட் ஈ 10 வரை விடுகிறது. ஹேர்மிஸ் கிடக்கும் 50 மீற்றரில் அமுக்கம் 6 பார். மேலே 10 பிபிஎம் உள்ள காற்று அங்கே உடலுக்கு 60 பிபிஎம் போல வேலை செய்யும். அந்த ஆழத்துக்குப் பயிற்சி பெற்றவர்களே போகிறார்கள் என்றாலும், அவர்கள் நிரப்புவதும் இதே குழாயில்தான். அதனால் 5ஐ எல்லையாக வைத்து, 2க்குக் கீழே இருந்தால்தான் சிலிண்டரைக் கொடுப்பது என்று எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டோம்.

காபனோரொட்சைட்டு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றுமில்லை. சூடேறிய கொம்பிரசரில் தவறான ஒயில் இருந்தால் அது உள்ளேயே கருகி இதை உண்டாக்கும். சுவாசக்காற்றுக்கென்று உள்ள ஒயில் விலைதான். வாகன ஒயிலை ஊற்றி மிச்சம்பிடிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தீர்வு எஞ்சினைத் தூரத்துக்கு அனுப்புவது. மூன்று பேஸ் மின்மோட்டர், 200 லீற்றர், 4 கிலோவாட். கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டரும் அதே புகையைத்தான் கக்கும், ஆனால் அதை வளவின் மறுகோடியில், காற்று போகும் பக்கத்தில் வைத்து வயரை இழுக்கலாம். உறிஞ்சு குழாயை அப்படி இழுக்கமுடியாது. நீளம் கூடக்கூட இயந்திரம் மூச்சுத் திணறும், லீற்றர் குறையும், சூடு ஏறும். மோட்டர் எழும்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போதுள்ளதைவிடப் பல மடங்கு. அதனால் 4 கிலோவாட்டுக்கு 5 கேவிஏ ஜெனரேட்டர் போதாது. 12.5 கேவிஏ எடுத்தோம்.

தண்ணீர்

இந்த ஊரில் சுவாசக்காற்று இயந்திரத்தின் முதல் எதிரி தூசியோ உப்போ இல்லை, ஈரம். 32 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதன் என்ற சாதாரண மட்டக்களப்புப் பின்னேரத்தில் ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 27 கிராம் நீராவி இருக்கும். ஒரு சிலிண்டருக்கு 1.8 கனமீற்றர் உறிஞ்சினால் 48 கிராம். 16 சிலிண்டருக்கு முக்கால் லீற்றர் தண்ணீர். அமுக்கும்போது பெரும்பகுதி இயந்திரத்தின் நீர்ப் பிரிப்பான்களில் வடிந்துவிடும். மிச்சத்தைப் பில்டர் பிடிக்கவேண்டும். ஈ.என். 12021 கேட்பது, கொம்பிரசரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் காற்றில் கனமீற்றருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று. அமெரிக்கத் தீயணைப்புத் தரம் என்.எஃப்.பி.ஏ. 1989 இன்னும் கடுமை: 24 பிபிஎம், எடையில் ஏறத்தாழ 18 மில்லிகிராம். 225 பாரில் 45 பாகைச் சூட்டோடு பிரிப்பானைத் தாண்டும் காற்றில் 290 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். இந்த இடைவெளி முழுவதும் பில்டருக்குள் மாற்றி மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜின் தலையில்.

கார்ட்ரிட்ஜின் ஆயுளைக் கையேடு 20 பாகைக்குச் சொல்கிறது. பில்டருக்கு வரும் காற்று அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை கூடச் சூடாயிருக்கும். 20 பாகை அறையில் அது 32. நம் ஊர் 33 பாகைக் கொட்டிலில் 45. 32 பாகையில் நிறைந்த காற்றில் கனமீற்றருக்கு 34 கிராம் ஈரம், 45 பாகையில் 65. கையேடு 50 மணித்தியாலம் என்றால் இங்கே 26. தகரக் கூரைக்குக் கீழே வெயில் நேரத்தில் ஓட்டினால் 20 தேறினால் பெரிய விஷயம். கடைக்காரரிடம் இதைக் காசாக மாற்றிக் காட்டியபோதுதான் 300 லீற்றர் ஆசை தணிந்தது. அதிக லீற்றருக்குக் கொடுக்கவிருந்த காசைப் பெரிய பில்டர் கோபுரத்துக்குக் கொடுத்தோம். நிரப்புவதை விடியற்காலைக்கு மாற்றினோம். கொட்டிலுக்குத் தகரத்துக்குப் பதில் கிடுகு போட்டு, இயந்திரத்தின் சூட்டுக் காற்று வெளியேற எதிர்ச் சுவரைத் திறந்துவிட்டோம்.

பில்டருக்குப் பின்னால் ஓர் அமுக்கம் காக்கும் வால்வு இருக்கவேண்டும். விலைமனுவில் அதைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். 50 பாரோடு திரும்பிய சிலிண்டரை மாட்டும்போது அந்த வால்வு இல்லாவிட்டால் பில்டருக்குள் அமுக்கம் 50 பாருக்கு விழும். 200 பாரில் கனமீற்றருக்கு மூன்றிலொரு கிராம் ஈரத்தோடு வரும் காற்று, 50 பாரில் 1.3 கிராமோடு வரும். நாலு மடங்கு. நல்ல கார்ட்ரிட்ஜும் இதில் தோற்கும்.

பில்டரில் உள்ள கரி எல்லாவற்றையும் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. கரி ஒயில் ஆவியையும் மணத்தையும் பிடிக்கும், காபனோரொட்சைட்டைப் பிடிக்காது. அதற்கு ஹொப்கலைட் என்ற மங்கனீசு, செப்பு ஒட்சைட்டுக் கலவை வேண்டும். அது காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றும். ஈரம் பட்டால் செத்துவிடும். அதனால் உலர்த்தும் மணிகளுக்குப் பிறகுதான் அது இருக்கவேண்டும். உலர்த்தி நிறைந்துவிட்டால் ஹொப்கலைட்டும் கூடவே போய்விடும், வெளியில் ஒன்றும் தெரியாது. அதனால் நிரப்பும் குழாயில் நிலையான காபனோரொட்சைட்டு உணரி ஒன்று பூட்டினோம். ஈரம், ஒயில், காபனீரொட்சைட்டு ஆகியவற்றுக்குப் பருவத் தொடக்கத்திலும் மாரிக்கு முன்னும் நிறம் மாறும் ட்ரேகர் குழாய்ச் சோதனை.

உறிஞ்சும் வாய் எங்கே

இதற்குத்தான் அதிக வாக்குவாதம். கொட்டிலின் பின்பக்கம் வசதி, ஆனால் அங்கே ஹொட்டலின் விறகடுப்பு. முன்பக்கம் வீதி, ஓட்டோக்கள் எஞ்சினை நிறுத்தாமல் ஆள் பார்த்து நிற்கும் இடம். கடல் பக்கம் உப்பு. காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும், பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து, கச்சான் இறங்கினால் நாளெல்லாம் மேற்கிலிருந்து சூடாக. விடியற்காலையில் நிரப்புவது என்று முடிவானபின் மேற்குப் பக்கம் எரியும் எதுவும் நமக்குப் பகை. கடைசியில் கடல் பக்கக் கூரை விளிம்புக்கு மேலே, மழை புகாதபடி கீழ்நோக்கி வளைத்த வாயோடு அகன்ற குழாய் போட்டோம். உப்புக்காகத் தூசுப் பில்டரை அடிக்கடி மாற்றுவதை ஏற்றுக்கொண்டோம். தூசுப் பில்டர் மலிவு.

அயலில் இரண்டு விடயம் பேசவேண்டியிருந்தது. பின்வளவுக்காரர் விடியவே குப்பை கொழுத்துவார். நிரப்பும் நாளில் முதல்நாளே சொல்லிவிடுகிறோம், அவரும் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டார். மற்றது டெங்குப் புகை. நுளம்புக்கு அடிக்கும் புகை மருந்தையும் எண்ணெயையும் நுண்துளியாக்கி விடுவது. அது வீதிக்கு வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு இயந்திரம் நிறுத்தம். அந்த வேளையில் மூடிவிட உறிஞ்சு வாய்க்கு ஒரு மூடி செய்து சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறோம்.

சேமிப்புச் சிலிண்டர்கள்

வெள்ள இரவில் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால்? அதற்குத்தான் 50 லீற்றர், 300 பார் சேமிப்புச் சிலிண்டர் மூன்று. மூன்றையும் ஒன்றாகத் திறந்து நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் 12 பார் இறங்கும், எட்டு சிலிண்டரோடு 200 பாருக்குக் கிட்ட வந்து நின்றுவிடும். வரிசையாகத் திறந்தால், அதாவது குறைந்த அமுக்கமுள்ளதில் முதலில் சமப்படுத்தி, பிறகு அடுத்தது, கடைசியில் நிறைந்தது என்று எடுத்தால், அதே காற்றில் காகிதக் கணக்குக்கு 14 சிலிண்டர் முழுதாக நிரம்பும். 300 பாரில் காற்று கணக்குப்படி அமுங்கிக் கொடுக்காது, பத்திலொரு பங்கு குறையும். அதைக் கழித்து 11 என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். எந்த வால்வை எப்போது திறப்பது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் வாசிக்கக்கூடிய அளவுக்கு.

200க்கும் 300க்கும் நிரப்பு குழாய்கள் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் தன் பாதுகாப்பு வால்வு, நிறமும் வேறு. 207 பார் அலுமினியச் சிலிண்டரை அவசரத்தில் யாரும் 300 குழாயில் மாட்டிவிடக்கூடாது. அமுக்கச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. திகதி கடந்த சிலிண்டர்களை வாசலிலேயே தடுத்துவிடுகிறோம். இதில் கடையின் வாடிக்கையாளர் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

சும்மா கிடக்கும் மாதங்கள்

இயந்திரம் ஓடித் தேய்வதைவிட இந்தக் கரையில் கிடந்து கெடுவதே அதிகம். மாரியில் ஒயிலுக்குள் ஈரம் இறங்கும், வால்வுத் தகடுகளில் துரு பூக்கும், பில்டர் கோபுரத்தின் அமுக்கத்தை வெளியேற்றிவிட்டால் மணிகள் ஈரத்தைக் குடித்து ஓடாமலேயே தீர்ந்துபோகும். அதனால் கடை பூட்டும் நாளில் ஒயில் மாற்றி, புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டு, கோபுரத்தை அமுக்கத்தோடேயே விடுகிறோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை குழுவில் ஒருவர் வந்து ஜெனரேட்டரில் அரைமணி நேரம் ஓட்டி, வடிகாலைத் திறந்து, வந்த தண்ணீரைப் போத்தலில் அளந்து, கொப்பியில் எழுதவேண்டும். ஒயில் கலந்த தண்ணீர் என்பதால் மணலில் ஊற்றுவதில்லை.

முதல் மாரியில் கொப்பியில் சில கிழமைகள் வெறுமையாய் இருந்தன. வெள்ளமில்லாத கார்த்திகையில் இயந்திரத்தை யார் நினைப்பார்? இரண்டாவது மாரிக்கு முன், கடைக்காரர் ஓட்டுபவருக்கு நாட்கூலி தருவதாக ஒத்துக்கொண்டார். அதன்பின் கொப்பி நிறைகிறது. அந்த மாரியில் ஒருநாள் வாவிப் பக்கம் தேடுதலுக்குப் போனபோது ஊரில் கரண்ட் இல்லை. குழு சேமிப்பிலிருந்தே நிரப்பிக்கொண்டு போனது. விடிந்தபின் ஜெனரேட்டரில் ஓட்டி மீண்டும் சேமிப்பை ஏற்றினார்கள். வெறுமையிலிருந்து மூன்றையும் நிரப்ப ஏறத்தாழ நாலு மணித்தியாலம் பிடிக்கும். அன்றைக்கு அதில் பாதிகூடப் பிடிக்கவில்லை. உணரி முழு நேரமும் 0க்கும் 1க்கும் இடையிலேயே நின்றது.

தீயணைப்புப் பிரிவு 300 பார் சிலிண்டர்களை இப்போது இங்கேதான் அனுப்புகிறது. அவர்கள் முகமூடியோடு பொருத்தும் 6.8 லீற்றர் கலவைப்பொருள் (கொம்பொசிட்) சிலிண்டர்கள் 200 லீற்றர் இயந்திரத்தில் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆனால் வேகமாக ஏற்றினால் சூடேறி, ஆறியபின் 270க்கு இறங்கிக் காட்டும். இதை ஒருதடவை இயந்திரத்தின் பிழை என்று முறைப்பாடு செய்தார்கள். மெதுவாக ஏற்றி, ஆறவிட்டு, மீண்டும் ஏற்றிக் காட்டியபின் சமாதானமானார்கள். சூடேறாமல் இருக்கப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்து, சிலிண்டரை அதற்குள் வைத்து நிரப்புவது பற்றி இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. வால்வுக்குள் ஒரு துளி தண்ணீர் போனாலும் இத்தனை உலர்த்தியதும் வீண் என்பது என் கட்சி. கடைக்காரர் அதற்கு எதிர்க்கட்சி.

அடுத்துச் செய்யவேண்டியது காபனோரொட்சைட்டு உணரியின் கலத்தை மாற்றுவது. அதன் ஆயுள் முடியப்போகிறது. சித்திரைக்கு முன் வராவிட்டால் பருவம் தொடங்கும் நாளைத் தள்ளிவைப்பது என்று கடைக்காரரும் குழுவும் கையெழுத்திட்டு என்னிடம் தந்திருக்கிறார்கள்.